மடியில் குழந்தை, கையில் கடப்பாரை

சென்ற இதழில் இப்பகுதியில் மழைக்காலக் காய்ச்சலைப் பற்றி எழுதியிருந்தோம். இத்திங்கள் நாம் எடுத்துக்கொண்ட பொருள் பாம்பு. சொல்லைக் கண்டதும் ஏட்டைப் புரட்டிவிட எண்ணும் தாய்மார்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும். குழந்தை வளர்ப்பைப் பற்றிய பகுதியில் பாம்புக்கு என்ன வேலை என்று அவர்கள் கேட்கலாம். நம் வீட்டுக் கொல்லையில் அதற்கு என்ன வேலை என்று நாமும் ஒரு நாள் கேட்கத்தான் செய்தோம்.

பெங்களூருக்கு வடக்கே, தொட்டபள்ளாபுரத்தை அடுத்து, காட்டி சுப்பிரமணியர் கோயில் இருக்கிறது. நம் சங்கத்து அன்பர்களில் பலர் அங்குச் சென்று வந்திருப்பர். ஒரே கல்லில் கிழக்கு நோக்கி முருகனும் மேற்கு நோக்கி நரசிம்மரும் அமைந்திருக்க, பின்புறத்து நரசிம்மரைக் கண்ணாடியிலே கண்டு வணங்குவது அத்தலத்தின் சிறப்பு. கோயிலைச் சுற்றிலும் எண்ணிறந்த நாகக் கற்கள் நிற்கின்றன. மகப்பேறு வேண்டி வந்த தம்பதியர் நிறுத்திய கற்கள் அவை. நகருக்குள்ளேயும், பழைய ஊர்ப்பகுதிகளில், அரசும் வேம்பும் சேர்ந்து நிற்கும் மேடைகளில் அத்தகைய கற்களைக் காணலாம். மஞ்சள் பூசியிருப்பார்கள், பால் ஊற்றியிருப்பார்கள். நாகத்தை வேண்டிக் குழந்தையைப் பெறுகிறோம். அக்குழந்தை விளையாடும் முற்றத்துக்கே பாம்பு வந்துவிட்டாலோ தடியைத் தேடுகிறோம். நாமும் அன்று தடியைத்தான் தேடினோம்.

சில ஆண்டுகட்கு முன் ஆனித் திங்களில் நடந்தது அது. நகரின் தென்கோடியில், ஓர் ஏரியை அடுத்து எழுந்த புதுக் குடியிருப்பில், தரைத்தளத்து வீடு ஒன்றில் குடியேறியிருந்தோம். வாடகை குறைவு, காற்றோட்டம் மிகுதி. கொல்லையில் வீட்டுக்காரர் விட்டுச்சென்ற செங்கற் குவியல் ஒன்று கிடந்தது. ஒரு முன்மாலைப் பொழுதில் மூன்றரை வயதுள்ள நம் மகள் துவைக்கும் கல்லின்மேல் அமர்ந்து, "அப்பா, இந்தக் கயிறு நகருது, பாருங்க" என்றாள். எட்டிப் பார்த்தோம். ஒரு சாண் நீளம் இருக்கும். பழுப்பு உடலில் கண்ணாடிச் சில்லுகளைக் கோத்தாற்போல் வரிசையாக வட்டங்கள். அவளுடைய காலுக்கும் அதற்கும் இடையே இரண்டு முழத் தொலைவுகூட இல்லை.

பின்னர் நடந்ததைக் கூறவே நாணமாக இருக்கிறது. நாம் கூச்சலிட்டோம். இல்லத்தரசி பாய்ந்து சென்று குழந்தையை வாரியெடுத்த வேகத்தில் அவளுடைய நெற்றி கதவுநிலையில் மோதியது. நாம் துடைப்பத்தை எடுத்தோம். அது போதாதென்று பூந்தொட்டியைத் தூக்கினோம். மதிற்சுவருக்கு அப்பால் இருந்து பக்கத்து வீட்டு அஜ்ஜி, "கொளக்குமண்டலா! ஹத்திர ஹோகபேடி!" என்று குரல் கொடுத்தார். கண்ணாடி விரியனுக்குக் கன்னடத்தில் அதுதான் பெயர். கிட்டே போகாதீர்கள் என்று அம்மூதாட்டியார் கூறிய ஒரு சொல்லால் நாம் பிழைத்தோம் என்றே இன்றும் எண்ணுகிறோம். பூந்தொட்டியோடு குனிந்திருந்தால் கை அதன் எல்லைக்குள் சென்றிருக்கும். விரியன் குட்டி பிறந்த நாளிலேயே நஞ்சோடு பிறக்கிறது என்பதை நாம் பின்னரே அறிந்தோம். அஜ்ஜியின் பேரன் தொலைபேசியில் அழைக்க, பாம்பு பிடிக்கும் பயிற்சி பெற்ற இளைஞர் ஒருவர் முக்கால் மணி நேரத்தில் வந்து சேர்ந்தார். செங்கற் குவியலைக் கம்பியால் மெல்ல விலக்கி, மேலும் இரண்டு குட்டிகளை எடுத்துப் பையிலிட்டுக்கொண்டு போனார்.

கண்ணாடி விரியன் முட்டையிடுவதில்லை, குட்டிகளை ஈனும். ஒரே ஈற்றில் இருபது, முப்பது குட்டிகள் பிறப்பது இயல்பு. கோடையின் இறுதி தொடங்கி முதல் மழை நாள்கள் வரை அவை ஆங்காங்கே தென்படும். அவ்வளவும் பின்னர்க் கற்றவை. அன்று நமக்குத் தெரிந்ததெல்லாம் குழந்தை தப்பிவிட்டாள் என்பதே.

ஆனால் அவள் தப்பவில்லை. அன்றிரவு முதல் அவள் தரையில் கால் வைக்க மறுத்தாள். கட்டிலிலிருந்து நாற்காலிக்கும், நாற்காலியிலிருந்து நம் தோளுக்குமாக மூன்று வாரம் வாழ்ந்தாள். தோட்டத்து ரப்பர்க் குழாயைக் கண்டு வீறிட்டாள். உறக்கத்தில் எழுந்து அழுதாள். கயிறு நகர்கிறது என்று வியந்து நம்மை அழைத்த குழந்தை அவள்! அவ்வியப்பில் அச்சம் இருந்ததில்லை. அச்சத்தை அவளுக்கு ஊட்டியது அச்சிறு விரியன் அன்று. பெற்றோராகிய நம்முடைய கூச்சலே.

இந்நிலையில்தான் உறவினர் வீட்டுத் திருமணத்தின் பொருட்டுச் சென்னை சென்றோம். திருமணம் முடிந்த மறுநாள், மாமல்லபுரம் போகும் வழியில் வடநெம்மேலியில் உள்ள முதலைப் பண்ணைக்குக் குழந்தைகளை அழைத்துச் சென்றார் மைத்துனர். அப்பண்ணை 1976 ஆம் ஆண்டில் தோன்றியது. அதன் வளாகத்துக்குள்ளேயே இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் இயங்குகிறது. நம் மகள் மைத்துனரின் தோளைவிட்டு இறங்கவேயில்லை. அங்கே நாம் கண்டவற்றையும் பிறகு படித்தறிந்தவற்றையுமே இனிக் கூறப் புகுகிறோம்.

ஒரு பள்ளம்போல் அமைந்த மணற்பரப்பு. ஓரங்களில் மண்பானைகள். ஒவ்வொன்றின் வாயிலும் வெள்ளைத் துணி கட்டியிருந்தது; ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பாம்பு. நடுவில் நின்ற இருளர் ஒருவர் வளைந்த கம்பியால் பானையிலிருந்து விரியனை வெளியே எடுத்தார். தலையைப் பற்றி, மெல்லிய தோல் கட்டிய கண்ணாடிக் குப்பியின் விளிம்பில் கடிக்கச் செய்தார். இளமஞ்சள் நிறத்தில் சில துளிகள் வடிந்தன. அவ்வளவே. அவர் முகத்தில் வீரமும் இல்லை, விளையாட்டும் இல்லை. பால் கறக்கும் ஆயர் முகத்தில் என்ன இருக்குமோ அதுவே இருந்தது.

நான்கு வகைப் பாம்புகளுக்கே அங்கு இடம்: நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். நம் நாட்டில் பாம்புக்கடியால் நேரும் சாவுகளுள் பெரும்பாலானவை இந்நான்கினால் விளைபவை. பிடித்து வரப்படும் பாம்பு சுமார் மூன்று வாரம் பானையில் இருக்கும். வாரத்துக்கு ஒரு முறை என்ற அளவில் நஞ்சு எடுப்பர். வயிற்றுச் செதிலில் அடையாளமாகச் சிறிது நறுக்கிவிட்டு மீண்டும் காட்டில் விடுவர். அவ்வடையாளம் கண்டால், அதே பாம்பை மறுபடி உடனே பிடிக்கமாட்டார்கள். எடுத்த நஞ்சு உலர்த்திப் பொடியாக்கப்பட்டு மருந்து செய்யும் நிறுவனங்களுக்குச் செல்கிறது. அங்கே அதைச் சிறிது சிறிதாகக் குதிரைகளுக்கு ஏற்றி, குதிரையின் குருதியில் உண்டாகும் எதிர்ப்பொருளைப் பிரித்து முறிமருந்தாக்குகின்றனர். நம் நாட்டில் செய்யப்படும் பாம்புக்கடி மருந்துக்கு வேண்டிய நஞ்சின் பெரும்பகுதியை நெடுங்காலமாக இச்சங்கத்தாரே அளித்து வந்துள்ளனர். பெங்களூர் மருத்துவமனையில் ஒரு குழந்தைக்கு நரம்பில் ஏற்றும் மருந்தின் மூலம், செங்கற்பட்டு வயல்வரப்பில் ஓர் இருளர் தோண்டிய எலி வளையில் இருக்கிறது என்று கொள்ளலாம்.

இருளர் எப்பொழுதும் இப்பணியைச் செய்தவர் அல்லர். ஒரு தலைமுறைக்கு முன்பு அவர்கள் பாம்பைத் தோலுக்காகப் பிடித்தனர். தோல் பதனிடுவோர் வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்பினர். சீமாட்டிகளின் கைப்பையாகவும் காலணியாகவும் அத்தோல் மாறியது. 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், அதைத் தொடர்ந்து வந்த ஏற்றுமதித் தடையும் அவ்வணிகத்தை நிறுத்தின. சட்டம் நல்லது, ஆனால் இருளரின் அடுப்பு அணைந்தது. அப்போது பாம்புகளைக் கொல்லாமல் நஞ்சை மட்டும் எடுத்து விற்கலாமே என்று எண்ணியவர் ரோமுலஸ் விட்டேக்கர். சென்னைப் பாம்புப் பண்ணையையும் முதலைப் பண்ணையையும் தோற்றுவித்தவர் அவரே. அவர் இருளரோடு சேர்ந்து முயன்றதன் பயனாக 1978 இல் இக்கூட்டுறவுச் சங்கம் பதிவாயிற்று. பாம்பைக் கொன்று பிழைத்த கைகள் பாம்பை விடுவித்துப் பிழைக்கும் கைகள் ஆயின.

பானைகளுக்கு அருகே ஓர் இருளர் மூதாட்டியார் அமர்ந்திருந்தார். பேரக்குழந்தை ஒன்று, நடை பழகும் வயது, அவருடைய புடவைத் தலைப்பைப் பற்றிக்கொண்டு நின்றது. நாம் அருகே சென்று வணங்கி, "அம்மா, இந்த இடத்தில் குழந்தையை வைத்துக்கொண்டிருக்க அச்சமாக இல்லையா?" என்று கேட்டோம். அவர் நம்மையும் மைத்துனர் தோளில் ஒட்டியிருந்த நம் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். "இதோட அப்பனை இடுப்புல வச்சுக்கிட்டுத்தாங்க நான் காடு மேடெல்லாம் போனேன். எங்க வச்சுட்டுப் போறது? வூட்ல யாரு இருந்தா?" என்றார்.

பிறகு அவர் சொன்னவற்றை நம் நடையில் தருகிறோம். கணவனும் மனைவியுமாக விடியலில் புறப்படுவார்களாம். அவன் கையில் கடப்பாரை. அவள் இடுப்பில் குழந்தை, தோளில் துணிப்பை. வளை ஒன்றைக் கண்டால் அவன் தோண்டுவான். அவள் சற்று எட்டத்தில், வெறுந்தரையில், நான்கு பக்கமும் பார்வை படும் இடமாகத் தேர்ந்து குழந்தையை அமர்த்துவாள். புல்லில் அமர்த்துவதில்லை, கல் அடுக்கிய இடத்தில் அமர்த்துவதில்லை. குழந்தைக்கு முதலில் கற்பிப்பது பாம்பு பிடிப்பதையன்று, அசையாமல் இருப்பதையே. அடுத்தது, கையை நீட்டாமல் காட்டுவது. "ஆத்தா, அதோ" என்று முகத்தால் சுட்டவேண்டுமே ஒழிய விரலை வளைக்குள் விடக்கூடாது. மண்ணில் பாம்பு சென்ற தடம், அது உரித்த சட்டை, அதன் எச்சம், எலி வளையின் வாயில் புதிதாகத் தள்ளிய மண்ணா பழைய மண்ணா என்ற வேறுபாடு ஆகிய யாவும் விளையாட்டுப் போலக் கண்ணில் பட்டுப் பட்டுப் பழகிவிடுமாம். பத்து வயதுக்குள் எந்தத் தடம் எந்தப் பாம்பினது என்று பிள்ளை சொல்லிவிடுவானாம்.

"பயம் இருக்கணுங்க. கத்தறது வேணாம். நாம கத்தினா அதுக்கு எதுக்குன்னு தெரியாது. நாளைக்கு மரவட்டையைப் பாத்தாலும் கத்தும்" என்றார் அம்மூதாட்டியார். நம் இல்லத்து நிகழ்ச்சியை நாம் அவரிடம் கூறியிருக்கவில்லை. இருந்தும் நம் முகம் சிவந்தது.

இதைப் படிக்கும் அன்பர்கள் குழந்தையை இடுப்பில் ஏந்திப் பாம்பு தேடப் புறப்படவேண்டும் என்று நாம் சொல்ல வரவில்லை. பாம்போடு பழகிய இருளரும் கடிபட்டுள்ளனர். விரலை இழந்தவர் உளர். வறுமையினால் குழந்தையைக் காட்டுக்குத் தூக்கிச் சென்றதை ஓர் உயர்ந்த கல்விமுறை என்று நகரத்தார் நாற்காலியில் அமர்ந்து புகழ்வதும் முறையாகாது. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்பதே அம்மூதாட்டியார் கூறிய காரணம். வேறு வழியின்றிச் செய்த அச்செயலில் அவர்கள் கண்டுகொண்ட முறை ஒன்று இருக்கிறது. இடர் உள்ள இடத்திலும் பெரியவர் குரல் உயராமல் இருந்தால், குழந்தை அவ்விடரைப் பார்க்கக் கற்கிறது. நாம் கற்றுக்கொள்ளத்தக்கது அது ஒன்றே.

அவ்வறிவு எத்துணை நுட்பமானது என்பதற்கு 2017 இல் ஒரு சான்று கிடைத்தது. அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்து எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலங்களில், வளர்ப்போர் கைவிட்ட பர்மிய மலைப்பாம்புகள் பெருகி, அங்குள்ள விலங்குகளை விழுங்கி வந்தன. தேடிச் சென்றவர்களின் கண்ணில் அவை எளிதில் படவில்லை. அப்போது நம் நாட்டிலிருந்து மாசி சடையன், வடிவேல் கோபால் என்னும் இரு இருளர்களை அழைத்துச் சென்றனர். ஆங்கிலம் அறியாத அவ்விருவரும் முதல் 8 நாள்களில் 13 மலைப்பாம்புகளைக் கண்டுபிடித்துக் கொடுத்தனர். மலைப்பாம்பு அவர்களுக்குப் பழகிய வேட்டையன்று; நிலமும் புதிது. தடத்தைப் படிக்கும் பழக்கம் மட்டுமே பழையது. இவ்விருவருக்கும் 2023 இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

அமெரிக்கா என்றதும் அங்குள்ள மற்றொரு பாம்பு நினைவுக்கு வருகிறது. அந்நாட்டுப் பாலைநிலங்களில் வாழும் விரியன் வகை ஒன்றுக்கு வாலின் நுனியில் நகம் போன்ற பொருளாலான வளையங்கள் உண்டு. வாலை அதிர்த்தால் அவை ஒன்றோடொன்று உராய்ந்து ஒலிக்கும். கிலுகிலுப்பைப் பாம்பு என்று தமிழில் அதற்குப் பெயர் வைத்தவர் குழந்தை உள்ள வீட்டுக்காரராகத்தான் இருக்கவேண்டும்! சட்டை உரிக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு வளையம் கூடும். பிறந்த குட்டியின் வாலில் ஒற்றைக் கணுவே இருப்பதால் அதற்கு ஒலியெழுப்பத் தெரியாது. இவ்வினத்திற் பலவற்றுள், குட்டிகள் முதன்முறை சட்டை உரிக்கும் வரை, ஒரு வாரமோ பத்து நாளோ, தாய் அவற்றை விட்டு அகலாமல் இருக்கிறது என்று கண்டறிந்துள்ளனர். நம் நாட்டுப் பாறைப் புதர்களிலும் வறண்ட மணல்வெளிகளிலும் வாழும் சுருட்டை விரியனுக்குக் கிலுகிலுப்பை இல்லை. ஆனால் உடலை வளைத்துப் பக்கச் செதில்களை ஒன்றோடொன்று தேய்த்து, அரம் தேய்ப்பது போன்ற ஒலியை அது எழுப்புகிறது. கண்ணாடி விரியனோ குக்கர் ஆவி விடுவதுபோல் சீறும். விலகிப் போ என்பதே இவ்வொலிகளின் பொருள்.

விட்டேக்கரின் இளமையைப் பற்றியும் ஒரு சொல். அவர் 1943 இல் நியூயார்க்கில் பிறந்தவர். 1951 இல் சிறுவனாக இந்தியாவுக்கு வந்தவர். சிறு வயதில் தாம் பாம்பைக் கையிலெடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தபோது தாயார் அலறவில்லை என்றும், பாம்புகளைப் பற்றிய நூல் ஒன்றை வாங்கிக் கொடுத்தார் என்றும் அவரே கூறியிருக்கிறார். பின்னாளில் அவரும் அவருடைய துணைவியாராயிருந்த சாய் விட்டேக்கரும் தம் இரு புதல்வர்களை முதலைப் பண்ணைக்குள்ளேயே வளர்த்தனர். சாய் அம்மையாரின் தந்தையார் சபர் ஃபுட்டேஹல்லி பறவைகளை ஆய்ந்த பெரியார். பிற்காலத்தில் நம் பெங்களூரில் வாழ்ந்தவர். அம்மையார் குழந்தைகளுக்காக எழுதிய கதை ஒன்றைத் துளிகா பதிப்பகத்தார் வெளியிட்டுள்ளனர். காளி என்னும் இருளர் சிறுவன் பள்ளிக்குச் செல்கிறான். அவன் தந்தை பாம்பு பிடிப்பவர் என்பதால் பிற பிள்ளைகள் ஒதுங்குகின்றனர். ஒரு நாள் வகுப்புக்குள் சாரைப் பாம்பு நுழைகிறது. ஆசிரியர் முதல் அனைவரும் மிரள, காளி அதைப் பிடிக்கிறான். நம் மகளுக்கு அக்கதையைப் படித்துக் காட்டினோம். முதல் இரவில் பாம்பின் படம் உள்ள பக்கத்தை நம் கையால் மூடிக்கொண்டு படிக்கச் சொன்னாள். நான்காம் இரவில் விரல்களுக்கிடையே பார்த்தாள்.

இனி, பெங்களூரில் குழந்தையோடு வாழும் நம்மவர்கட்கு வேண்டிய சில செய்திகள். ஏரியை நிரப்பியும் புதரை அழித்தும் வீடு கட்டிய பின், பாம்பு நம்மிடம் வருகிறது என்று குறை கூறுகிறோம். அது நம்மைத் தேடி வருவதில்லை. சிதறிய சோற்றுக்கு எலி வருகிறது. எலிக்குப் பாம்பு வருகிறது. குப்பைக்கூடையை மூடி வைப்பதும், கொல்லையில் செங்கல், ஓடு, விறகு அடுக்காமல் இருப்பதும், வடிகால் வாய்க்கு வலை அடிப்பதும் பாதிக் காவல். செருப்பைத் தட்டிப் போடுவதும், இருட்டில் விளக்கின்றிக் கால் வைக்காமையும் மீதி. கட்டுவிரியன் இரவில் நடமாடும். தரையில் உறங்குவோரைத் தீண்டும். அதன் கடியில் வலியோ வீக்கமோ பெரும்பாலும் இராது. காலையில் குழந்தை வயிற்றுவலி என்று அழுது, கண்ணிமை தொங்கினால், முந்தைய இரவு எங்கே படுத்திருந்தது என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். கட்டட வேலைக்கு ஊரிலிருந்து வந்து, தகரக் கொட்டகைகளில் தரையில் உறங்கும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கு இச்செய்தியை அன்பர்கள் நேரில் எடுத்துரைத்தல் வேண்டும். அவர்கட்கு இவ்விதழ் சென்று சேர்வதில்லை. உறங்கும்போது கொசுவலையைப் பாயின் அடியில் செருகிக்கொள்வது கொசுவுக்கு மட்டுமன்றிக் கட்டுவிரியனுக்கும் காப்பு.

கடித்துவிட்டால் கயிற்றால் இறுக்கிக் கட்டுதல், கீறுதல், வாயால் உறிஞ்சுதல் ஆகிய மூன்றும் கேடு. குழந்தையை நடக்கவிடாமல், கடிபட்ட உறுப்பை அசையவிடாமல் தூக்கிச் செல்ல வேண்டும். காப்பு, கொலுசு, மோதிரம் ஆகியவற்றை வீக்கம் தொடங்குமுன் கழற்றிவிடல் நன்று. 108 ஊர்தியை அழைத்து முறிமருந்து உள்ள மருத்துவமனைக்கே நேரே செல்க. பாம்பைத் தேடிக் கொல்லுவதில் காலம் போக்கவேண்டா. குழந்தை சிறிதாயிற்றே என்று முறிமருந்தின் அளவைக் குறைப்பதில்லை. பெரியவர்க்கு எவ்வளவோ அவ்வளவே குழந்தைக்கும். பாம்பு ஆள் பார்த்து நஞ்சைக் குறைத்துக் கொள்வதில்லையே!

2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் நம் நாட்டில் பாம்புக்கடியால் மாண்டோர் 12 இலட்சம் பேர், ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர் என்று 2020 இல் வெளிவந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அவர்களுள் காற்பங்குக்கு மேற்பட்டோர் பதினைந்து வயது நிரம்பாத பிள்ளைகள். கருநாடக அரசு 2024 ஆம் ஆண்டு பிப்ரவரியில் பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்கவேண்டிய நோயாக ஆக்கியது. அதே ஆண்டில் தமிழ்நாடும் அவ்வாறே செய்தது. கணக்கு வந்தால்தானே மருந்து எங்கே எவ்வளவு வேண்டும் என்பது தெரியும். நம் நகரிலேயே உள்ள இந்திய அறிவியல் கழகத்தில் கார்த்திக் சுனகர் என்னும் அறிஞரின் குழுவினர் வேறொன்றைக் காட்டியுள்ளனர். ஒரே வகைப் பாம்பானாலும் இடத்துக்கு இடம் நஞ்சின் தன்மை மாறுகிறது. ஆகவே தமிழ்நாட்டின் ஒரு பகுதிப் பாம்புகளின் நஞ்சைக் கொண்டு செய்த மருந்து பிற மாநிலங்களில் சில இடங்களில் போதிய அளவு வேலை செய்வதில்லை. இருளரின் உழைப்பில் குறையில்லை. நாடெங்கும் அத்தகைய சங்கங்கள் தோன்றியிருக்கவேண்டும், தோன்றவில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு மாவட்டத்தின் ஏழை மக்களையே நாடு முழுவதும் நம்பியிருந்தது வியப்பன்றோ?

வடநெம்மேலியிலிருந்து புறப்படுமுன் அம்மூதாட்டியாரிடம், பேரனும் இத்தொழிலுக்கு வருவானா என்று கேட்டோம். "பள்ளிக்கூடம் போவான்" என்று உடனே விடை வந்தது. சிறிது பொறுத்து, "லீவு நாள்ல கூட்டிட்டுப் போவோம். தடம் தெரியணும் இல்ல?" என்றார். ஊரைவிட்டு வந்து, வாரத்தில் ஒரு நாள் சங்கத்து வகுப்பில் பிள்ளைகட்கு அகரம் எழுதப் பழக்கும் நமக்கு, அவ்விடை புதிதாகத் தோன்றவில்லை.

நாம் பேசிக்கொண்டிருக்கையில் அப்பேரக்குழந்தை நம் மகளைப் பார்த்துக்கொண்டே நின்றது. அவள் மைத்துனரின் தோளிலிருந்து சற்றே சரிந்து, "மாமா, அந்தப் பாப்பா செருப்புப் போடல" என்றாள். மூதாட்டியார் சிரித்து, "இறங்கு கண்ணு, இங்க வெறுந்தரை, நல்லாத் தெரியும்" என்று தம் முன்னேயுள்ள மணலைக் கையால் தட்டிக் காட்டினார். அவள் உடனே இறங்கிவிடவில்லை. மைத்துனர் அப்படியே குந்தி அமர்ந்தார். நெடுநேரம் கழித்து ஒரு கால் மணலைத் தொட்டது. வண்டிக்கு நேரமாயிற்று என்று அழைக்க வந்த இல்லத்தரசி, இருபது அடிக்கு அப்பாலேயே நின்றுவிட்டாள். நாம் யாரும் ஒன்றும் பேசவில்லை. இரண்டாவது காலும் மணலுக்கு வந்தது.